கோகோ பாட்டியின் பழைய நோட்டு

வணக்கம் நண்பர்களே. நேற்று ராத்திரி 'கோகோ' படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. அதனால் விடிந்ததும் கேமராவை வைத்துவிட்டேன்.

2017இல் பிக்ஸார் எடுத்த அனிமேஷன் படம். மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வீட்டுக்கு வரவேற்கிற விழாதான் களம். மிகேல் 12 வயதுப் பையன். வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தொழில், பாட்டு என்ற பேச்சே கூடாது. அவனுடைய எள்ளுத்தாத்தா பாட்டுக்காக வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. இந்த முன்கதையை விழாத் தோரணத்தில் தொங்குகிற வெட்டுக்காகித உருவங்களே அசைந்து சொல்வது அவ்வளவு அழகு.

அங்கே வீட்டில் ஒஃப்ரெந்தா என்று படையல் மேடை வைப்பார்கள். இறந்தவர்களின் படங்கள், மெழுகுவர்த்தி, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, அப்புறம் செண்டுமல்லி. ஆமாம், நம் பூக்கடைகளில் குவிந்து கிடக்கிற அதே பூதான், அதன் பூர்வீகமே மெக்சிகோ. அந்த நிறமும் வாசனையும் இறந்தவர்களுக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. அதனால் மேடைவரை இதழ்களைத் தூவி வைக்கிறார்கள். படத்தில் அந்த இதழ்களே இரண்டு உலகங்களுக்கும் நடுவில் பாலமாகிவிடுகின்றன.

பாலத்தின் அந்தப் பக்கம் விமான நிலையம் மாதிரி ஒரு சோதனைச் சாவடி. உங்கள் படத்தை யாராவது வீட்டில் வைத்திருந்தால்தான் கடக்கலாம். இறந்தவர்களில் ஒருவனான எக்டோர், மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ மாதிரி வேஷம் போட்டும் மாட்டிக்கொள்கிறான். முதல் தடவை அதைப் பார்த்துச் சிரித்தேன். யாரைப் பார்ப்பதற்காக அவன் இந்தப் பாடு படுகிறான் என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இன்னொரு விஷயம். 2013இல் இந்த விழாவின் பெயரையே வணிகமுத்திரையாகப் பதிய, பிக்ஸாரின் தாய் நிறுவனமான டிஸ்னி விண்ணப்பித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது கார்ட்டூன் போட்டுக் கண்டித்தவர் லாலோ அல்கராஸ். பிறகு அவரையே படத்துக்கு ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு என்பேன்.

படத்தில் இறந்தவர்கள் எலும்புக்கூடுகளாக வருவதைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுவார்களோ என்ற கவலை வேண்டாம். எல்லாவற்றுக்கும் கண் இருக்கிறது, இமை இருக்கிறது, முகபாவம் இருக்கிறது. தாராளமாகக் காட்டுங்கள்.

சரி, இனி முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மிகேல் கிதாரோடு கொள்ளுப்பாட்டி கோகோ முன்னால் உட்காருகிறான். அவருக்கு ஞாபகமெல்லாம் நழுவிக்கொண்டிருக்கிற வயது. சின்ன வயதில் அப்பா அவருக்காகப் பாடின பாட்டை மிகேல் மெதுவாகப் பாடுகிறான். சுருக்கம் விழுந்த அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது. தளர்ந்த குரலில் அவரும் சேர்ந்துகொள்கிறார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுக்கிறார். உள்ளே அப்பா எழுதின கவிதைகள். கூடவே குடும்பப் படத்திலிருந்து கிழிந்துபோன துண்டு. அந்த வீட்டில் பேரைக்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த மனுஷனின் முகம். அதை அத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் பாட்டி.