இருட்டாக இருக்க வேண்டிய குழி

நேயர்களுக்கு வணக்கம். ஜவுளிக்கடைக் கல்லாவில் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஊதா விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? நோட்டில் எண்களும் சில இழைகளும் மட்டும் மினுங்கும். தாள் மங்கலாகவே கிடக்கும். பக்கத்தில் சாதாரண வெள்ளைத்தாளை வைத்தால் அது முழுசாக நீலமாகப் பளீரிடும். நோட்டே அப்படிப் பளீரிட்டால் கடைக்காரர் முகம் மாறிவிடும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

ஃப்ளூ வைரஸின் மேலே முள்முள்ளாக இரண்டு புரதங்கள் உண்டு. முதலாவது ஹீமக்ளூட்டினின். நம் செல்லில் வைரஸ் ஒட்டிக்கொள்வது இதை வைத்துத்தான். எச்1என்1 என்று செய்தியில் கேட்கிறீர்களே, அந்த 'எச்' இது. இதை மட்டுமே தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கோத்துவிட்டால், புரதம் எங்கேயோ வெளிச்சம் அங்கே.

சாயம் கோக்கும் வித்தையை 1941-இல் நிமோனியாக் கிருமியில் செய்து காட்டியவர் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ். முதலில் அவர் கோத்தது நீலமாக ஒளிரும் ஆந்த்ரசீன். ஆனால் ஊதாக் கதிர் பட்டால் சதையே லேசாக நீலமாக மினுங்கும். எது சாயம், எது சதை? பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீனுக்கு மாறினார். 1956-இல் சியென் லியூ மூக்குச் சளியிலேயே ஃப்ளூவை இப்படிக் கண்டுபிடித்தார்.

என் கதைக்கு வருகிறேன். மாணவனாக இருந்தபோது, பிளாஸ்டிக் தட்டிலுள்ள சின்னச் சின்னக் குழிகளில் நாயின் சிறுநீரகச் செல்களை வைத்து, அவற்றில் வைரஸை வளர்த்தேன். நாயா என்று சிரிக்காதீர்கள், ஃப்ளூ வைரஸ் அதில் செழிப்பாக வளரும். சாயம் கோத்த ஆன்டிபாடியை ஊற்றியாயிற்று. இருட்டறை, மைக்ரோஸ்கோப், ராத்திரி பதினொரு மணி. குழி நிறையப் பச்சை! அண்ணனைப் போன் போட்டு எழுப்பிச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பக்கத்துக் குழியைப் பார்த்தேன். வைரஸே போடாத குழி. அதுவும் பச்சை.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, முதலில் புரதக் கரைசலை ஊற்றிச் செல்களை ஊறவைக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டிருந்தேன். கள்ளநோட்டைத்தான் பார்த்துக் குதித்திருக்கிறேன்! அன்றிலிருந்து எந்தப் படத்தைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: வைரஸ் போடாத குழி இருட்டாக இருக்கிறதா? முதலில் அதைக் காட்டுங்கள், பச்சையை அப்புறம் பார்க்கலாம்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டாவது புரதம் நியூராமினிடேஸ், அதாவது 'என்'. புது வைரஸ்களைச் செல்லிலிருந்து வெட்டிவிடும் கத்தரி. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டமிவிர் மருந்து முடக்குவது இதைத்தான். இன்னொன்று, மேற்பரப்புப் புரதத்தை மட்டும் பார்ப்பதானால் செல்லைத் துளைக்கும் சோப்புக் கரைசல் ஆகாது, உள்ளே கிடப்பதும் சேர்ந்து ஒளிரும். பார்க்கப் பார்க்கவே சாயம் வெளுத்துப்போகும் கதைக்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள். வணக்கம்.