ராணியையே வெட்டுக் கொடுத்தும் டிரா! 1872-இன் அதிசய செஸ் ஆட்டம்

கறுப்பு ஒரு பிஷப்பைக் கொடுக்கிறது. ராணியைக் கொடுக்கிறது. இரண்டு குதிரைகளையும் கொடுக்கிறது. முடிவு? டிரா, யாருக்கும் வெற்றி இல்லை! டிரா என்றாலே தூக்கம் வரும் என்பவர்கள் இந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வியன்னா, 1872. வெள்ளைக்கு கார்ல் ஹாம்பே, கறுப்புக்கு பிலிப் மைட்னர். மைட்னர் ஒரு வக்கீல். அணுக்கருப் பிளவை விளக்கிய இயற்பியலாளர் லிசே மைட்னர் இவருடைய மகள்தான். 109-ஆம் தனிமமான மைட்னீரியம் அந்த மகளின் பெயரில் இருக்கிறது!

சரி, ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்கம். (இ4 போன்றவை கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை.) சிப்பாய்கள் இ4, இ5, அப்புறம் வெள்ளைக் குதிரை சி3. இதுதான் வியன்னா கேம். கறுப்பு பிஷப் சி5-க்கு வந்ததும், ஹாம்பே அதே குதிரையை ஏ4-க்குக் கொண்டுபோய் பிஷப்பை மிரட்டுகிறார். பிஷப் பின்வாங்கவில்லை. எஃப்2 சிப்பாயை வெட்டி, செக், அதாவது ராஜாவுக்கே நேரடி மிரட்டல்!

ராஜா பிஷப்பை வெட்டுகிறார். இனி அவர் வீடு திரும்பவே இல்லை. எஃப்2, இ3, டி3, சி3, பி3 என்று துரத்தல். வெள்ளையின் 18 நகர்த்தல்களில் 12 ராஜாவுடையவை!

ஒன்பதாவது நகர்த்தல். மைட்னரின் ராணி ஏ4 குதிரையை வெட்டி செக் கொடுக்கிறது. ராஜா ராணியை வெட்டுகிறார். உடனே சி5-இல் குதிரை செக், அடுத்து ஏ5-இல் சிப்பாய் செக். அந்தக் குதிரையையும் ராஜா தின்கிறார். மைட்னர் தன் இன்னொரு குதிரையை இ7-க்குக் கொண்டுவருகிறார். அடுத்து கறுப்புச் சிப்பாய் பி6, பிறகு பிஷப் டி7 என்று வந்தால் மேட், அதாவது ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிந்தது.

இங்கே ஹாம்பே கண்டுபிடித்த தற்காப்பு எனக்கு ராணித் தியாகத்தைவிடப் பிடிக்கும். பிஷப்பை முதலில் பி5-க்குக் கொண்டுவந்து செக், பிறகு நேராக சி6-இல் வைக்கிறார். இ7 குதிரை வெட்டும் என்று தெரிந்தே வைக்கிறார்! டி7 காவலில் வந்துவிட்டதால் மேட் போச்சு. குதிரை பிஷப்பை வெட்ட, ராஜா குதிரையை வெட்ட, மைட்னர் கடைசி பிஷப்பை பி7-இல் வைத்து செக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பலகையைப் பாருங்கள். வெள்ளையின் ராணி, இரண்டு யானைகள், ஒரு பிஷப், ஒரு குதிரை எல்லாம் ஆரம்பித்த கட்டத்திலேயே நிற்கின்றன. ராஜா மட்டும் எதிரி வீட்டுக்குள்!

அந்த பிஷப்பை வெட்டினால்? கறுப்பு ராஜா டி7 வருவார். வெள்ளை ராணி ஜி4-இல் செக் கொடுத்தாலும் அவர் டி6 போவார், அடுத்து எச்8 யானை பி8-க்கு வந்து மேட். அதனால் ஹாம்பே பி5-க்குப் போகிறார். பிஷப் ஏ6, செக். திரும்ப சி6. பிஷப் பி7, செக். இதே செக் திரும்பத் திரும்ப முடிவில்லாமல் வரும் என்பதால் டிரா.

கடைசியில் சி6-க்குப் பதில் ராஜா ஏ4-க்கு ஓடியிருந்தால்? இரண்டே நகர்த்தலில் மேட் இருக்கிறது. கண்டுபிடித்து கமெண்டில் போடுங்கள்!