ஏசா டக்லூகி: சிறையிருப்பில் மந்தை வளர்த்த தலைவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1883ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், வட மெக்சிகோவின் காசாஸ் கிராண்டஸ் நகருக்கு அருகே, குதிரையில் சென்றுகொண்டிருந்த ஹூ என்னும், அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சிகளின் தலைவர் ஆற்றில் விழுந்தார். உடன் வந்த மகன் நீரில் இறங்கி, தந்தையின் தலை மூழ்கிவிடாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனாலும் தந்தை பிழைக்கவில்லை. தாயை முன்னரே மெக்சிகப் படையினரின் தாக்குதலில் இழந்திருந்த அந்தச் சிறுவனைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர் பெயர் டக்லூகி. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர். தாய் இஷ்டன், புகழ்பெற்ற அப்பாச்சிப் போர்வீரர் ஜெரோனிமோவுக்குத் தங்கை முறை. அவர் பிரசவ வேதனையில் துடித்தபோது ஜெரோனிமோ மலையேறிச் சென்று வேண்டிக்கொண்டார் என்றும், வலிந்து வழி உண்டாக்கிக்கொண்டு பிறந்ததால் பிள்ளைக்கு அந்தப் பெயர் அமைந்தது என்றும் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். தந்தை ஹூ பெரும் போர்த்தலைவராக இருந்தும் திக்குவாய் உடையவர். பேச வேண்டிய இடங்களில் அவருக்காக ஜெரோனிமோ பேசியதுண்டு. அத்தகைய தந்தைக்குப் பிறந்தவர், பின்னாளில் தம் மக்களுக்கும் அந்தத் தாய்மாமனுக்கும் வாயாக அமைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

1886 செப்டம்பர் 4ஆம் நாள், அரிசோனாவின் ஸ்கெலட்டன் கேன்யனில் ஜெரோனிமோ அமெரிக்கப் படையின் ஜெனரல் மைல்ஸிடம் சரணடைந்தார். அதன் பிறகு நடந்ததை நியாயம் என்று எவராலும் சொல்ல முடியாது. சண்டையிட்டவர்களை மட்டுமன்றி, போரில் கலந்துகொள்ளாமல், பழங்குடியினருக்கென அரசு ஒதுக்கிய நிலமான ஒதுக்ககத்தில் அமைதியாக வாழ்ந்தவர்களையும், அமெரிக்கப் படைக்கே வழிகாட்டிகளாகப் பணியாற்றிய அப்பாச்சிகளையும், பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து ரயிலேற்றி, ஏறக்குறைய இரண்டாயிரம் மைல் தொலைவிலிருந்த புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். இவர்களின் பிரிவான சிரிகாகுவா அப்பாச்சிகள் அன்று தொடங்கி 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாக இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தையும் பிறக்கும்போதே போர்க்கைதி.

இளைஞர்களைப் பிரித்துப் பென்சில்வேனியாவின் கார்லைல் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டக்லூகியின் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். தாய்மொழி பேசுவதைத் தடுத்தார்கள். மாணவர்களை வரிசையாக நிறுத்தி ஆங்கில அகரவரிசைப்படி பெயரிட்டபோது அவர் ஏசா ஆனார். அந்தப் பெயரை அவர் ஒருநாளும் விரும்பவில்லை. உடன் வந்த அப்பாச்சிப் பிள்ளைகள் பலரைக் காசநோய் கொண்டுபோயிற்று. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து இரண்டை அவர் தம் மக்களுக்காக எடுத்துக்கொண்டார்: ஒன்று ஆங்கில மொழி, மற்றொன்று கால்நடை வளர்ப்பு பற்றிய அறிவு.

அவர் திரும்பி வந்தபோது அவருடைய மக்கள் புளோரிடாவையும் அலபாமாவையும் கடந்து, 1894 அக்டோபரில் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் படைத்தளத்தை அடைந்திருந்தார்கள். எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். கார்லைலில் தம்மோடு படித்தவரும், தலைவர் சிகுவாகுவாவின் மகளுமான ரமோனாவை அங்கே அவர் மணந்துகொண்டார்.

ஃபோர்ட் சில்லில் கைதிகளுக்கு அரசு மாடுகளை வழங்கியது. சிறையிருப்பவனுக்கு எதற்கு மந்தை என்று தோன்றலாம். என் கருத்தில், அந்த மக்களின் பிற்கால வாழ்வு முழுவதும் இந்த மந்தையைச் சுற்றியே அமைந்தது. முன்பு மெக்சிகப் பண்ணைகளிலிருந்து மாடுகளையும் குதிரைகளையும் கவர்ந்து வந்து வாழ்ந்தவர்கள், இப்போது வேலி கட்டினார்கள், நீர்நிலை வெட்டினார்கள், குளிர்காலத்துக்குப் புல் அறுத்துக் காயவைத்தார்கள், மிஞ்சிய புல்லைப் படைத்தளத்துக்கே விற்றார்கள். கன்றுகளைத் திரட்டிச் சூட்டுக்குறி போடுவது முதல் விற்பனைக்கு ஏற்ற மாடுகளைப் பிரிப்பது வரை எல்லா வேலைகளிலும் தேர்ந்தார்கள். மந்தை சில ஆயிரங்களாகப் பெருகியது. அதன் பொறுப்பு டக்லூகியிடம் வந்தது. மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் நம் மொழியில் உண்டல்லவா? நிலமும் உரிமையும் பறிபோன மக்களிடம், தம் உழைப்பால் பெருகியது என்று சுட்டிக்காட்ட அந்த ஒரு செல்வம்தான் இருந்தது.

1905ஆம் ஆண்டு ஜெரோனிமோ தம் வாழ்க்கைக் கதையைச் சொல்ல இசைந்தபோது, அவர் ஏற்ற மொழிபெயர்ப்பாளர் இந்த மருமகன்தான். முதியவர் அப்பாச்சி மொழியில் சொல்ல, டக்லூகி அதை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க, அவ்வட்டாரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டார். இது மிகவும் கடினமான பணி. கைதியின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கே எதிராகத் திரும்பக்கூடும் என்ற அச்சம் டக்லூகிக்கு இருந்தது. அதே வேளையில் தாய்மாமன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுசேர்க்கும் கடமையும் இருந்தது.

அதே 1905இல் வாஷிங்டன் சென்ற ஜெரோனிமோ, தம்மை அரிசோனாவுக்குத் திருப்பி அனுப்புமாறு அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் வேண்டினார். அனுமதி கிடைக்கவில்லை. 1909 பிப்ரவரியில் குதிரையிலிருந்து விழுந்து, குளிரில் இரவெல்லாம் கிடந்த அவர், நிமோனியா கண்டு 17ஆம் நாள் இறந்தார். படுக்கையருகே டக்லூகி இருந்தார். சரணடைந்திருக்கக் கூடாது, கடைசி ஆள் இருக்கும்வரை போராடியிருக்க வேண்டும் என்று மாமன் இறுதி நேரத்தில் வருந்தியதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அந்த வருத்தத்தைச் சுமந்தவர் மீண்டும் துப்பாக்கி எடுக்கவில்லை. விடுதலைக்காகப் பேசியவர்களின் முன்வரிசையில் நின்றார். 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம் விடுதலைக்கு வழிசெய்தபோது, ஓக்லஹோமாவில் தங்குவதா, நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ ஒதுக்ககத்துக்குச் செல்வதா என்று மக்கள் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. அப்பாச்சிகளுக்குரிய மலைநாட்டில், அப்பாச்சி உறவினரோடு வாழ்வதே தம் மக்களைக் காக்கும் என்று டக்லூகி உறுதியாக நம்பினார். 180க்கும் மேற்பட்டோர் அவ்வழியைத் தேர்ந்து 1913 ஏப்ரலில் ரயிலில் புறப்பட்டார்கள். அரும்பாடுபட்டு வளர்த்த மந்தையோ விற்கப்பட்டது. தங்கிவிட்டவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் அந்த மண்ணில் இடுகாடுகள் இருந்தன.

புதிதாக வந்தவர்கள் ஒயிட்டெயில் என்ற உயரமான மலைப்பகுதியில் குடியேறினார்கள். பனி கொட்டும் இடம். வீடுகள் எழும்பும்வரை கூடாரங்களிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். மாடுகளை முதலிலிருந்து பெருக்க வேண்டியிருந்தது. ஓட்ஸ் விதைத்து, மந்தை வளர்த்து, அரசு அலுவலர்களிடம் தம் மக்களுக்காக வாதாடி, டக்லூகி ஒரு பெருங்குடும்பத்தின் மூத்தவராக அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

முதுமையில், ருயிடோசோ ஊரில் வசித்த வரலாற்றாய்வாளர் ஒருவர் அவரை அணுகினார். வெள்ளையரிடம் மனம் திறக்க டக்லூகி ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்தார். பிறகு ஒருநாள் சொல்லத் தொடங்கினார். மாமனின் சொற்களை மொழிபெயர்த்த காலத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இம்முறை பேசியது அவருடைய சொந்த நினைவு. தந்தையின் சாவைப் பற்றிய பேச்சும் அதில் வந்தது. ஹூ குடிபோதையில் ஆற்றில் விழுந்தார் என்றே நெடுங்காலமாக எழுதிவந்தார்கள். அது பொய் என்றார் டக்லூகி. தந்தை அன்று குடித்திருக்கவில்லை. அருகிலிருந்தவன் நான், அவர் தலையைத் தாங்கி நின்றவன் நான் என்பதே அவர் வைத்த சான்று. 1955இல் அவர் காலமானபோது அந்தச் சான்று எழுத்தில் ஏறியிருந்தது.