இரண்டு மோட்டார், ஒரே பெட்டி: பழுது மரத்தைக் கணினியே வரைந்தது

வணக்கம் நண்பர்களே. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மோட்டார் இரைச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அனுப்பிய, எது எப்படிக் கெடலாம் என்று பட்டியலிடும் பழுது ஆய்வுத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல். போன ஆண்டுத் தாளில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பம்பு கூடியிருக்கிறது. தாளுக்கு அது தெரியாது! அதிலும் அந்தப் பெருக்கல் இருக்கிறதே... பாதிப்பு, நிகழ்வு, கண்டறிதல் என்று மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கி, எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்வது எனக்கு ஆகவே ஆகாது, பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 10×1×2 என்றாலும் 20, 2×5×2 என்றாலும் 20. ஆளைக் கொல்லும் பழுதும் சொட்டுகிற வால்வும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடும். வாகனத் துறையினரே 2019 கையேட்டில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பழுது மரம் அப்படியல்ல. ஒரு பெரிய பழுதை உச்சியில் வைத்து, எவையெவை கெட்டால் அது வரும் என்று கிளை கிளையாகக் கீழே வரையும் படம் அது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காகப் பிறந்தது. கையால் வரைவதுதான் தொல்லை. ஹல் பல்கலைக்கழகத்தின் ஹிப்-ஹாப்ஸ் என்ற மென்பொருள் அதைத் தானாகவே கட்டும். அதே வழியில் நானே ஒரு சிறு நிரல் எழுதி, இரண்டு மோட்டார் உள்ள எங்கள் தோப்பு மோட்டார் அறையின் இணைப்புப் படத்தை அதில் ஏற்றினேன். ஒவ்வொரு பாகத்திடமும் இரண்டே கேள்வி: உனக்குள் எது கெட்டால் உன் வேலை நிற்கும்? உனக்கு எது வந்து சேராவிட்டால் நிற்கும்? அவ்வளவுதான். ‘தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை’ என்பதிலிருந்து இணைப்பு இணைப்பாகப் பின்னோக்கிப் போய் நிரலே மரத்தைக் கட்டிவிடுகிறது. எவையெவை கெட்டால் தண்ணீர் நிற்கும் என்று ஒரு பட்டியலும் தருகிறது; ஒரு வரியில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அது ஒன்று கெட்டாலே போதும் என்று பொருள்.

ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று மாமனார் நிம்மதியாக இருந்தார். பட்டியலின் முதல் வரியில் ஒற்றைப் பெயர்: ப்ரிவென்டர். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனால் மோட்டார் புகைந்துவிடாமல் நிறுத்துகிற பெட்டி. அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்: இரண்டு ஸ்டார்ட்டருக்கும் சேர்த்து எலக்ட்ரீஷியன் ஒரே ப்ரிவென்டரைத்தான் மாட்டியிருந்தார். ஒரு மோட்டார் கெட 100-இல் 1 வாய்ப்பு என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து கெட 10,000-இல் 1. ப்ரிவென்டருக்கு 1,000-இல் 1 என்றாலே அது பத்து மடங்கு! இரண்டாவது மோட்டாருக்குக் கொட்டிய பணம் முழுவதும் கையளவுப் பெட்டி ஒன்றின் தயவில் நிற்கிறது.

இன்னொன்று வாங்கப் போனால் சித்தூர்க் கடையில் 900 ரூபாய். ஒரு ரூபாய் குறைக்க மாட்டாராம். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனேன்; அதே பெட்டி, அதே அட்டை, 740. பஸ் டிக்கெட்டையும் டீயையும் கழித்தாலும் எனக்குத்தான் லாபம். கழிக்காமல் பார்த்தால் இன்னும் இனிக்கிறது. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனிப் ப்ரிவென்டர் மாட்டியாயிற்று. இணைப்புப் படத்தில் ஒரே ஒரு கோட்டை மாற்றினேன், மரம் மறுபடி தானே வந்தது. தாளில் தேதி மாற்றுகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒற்றைப் பெயர்ப் பட்டியலில் இப்போது முதலில் நிற்பது கரண்ட் லைன். “இதை நிரல் வந்தா சொல்ல வேண்டும்?” என்கிறார் மாமனார். சரிதான் மாமா, ப்ரிவென்டரை நீங்கள் சொல்லவில்லையே!