ஆறு கோப்பை, ஐந்து வைன்

(சிட்னியில் ஒரு சித்திரை விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டல்களை நீக்கிவிட்டேன், இருமல்களையும்.)

விழாத் தலைவர் மருத்துவர் ஐயா அவர்களே, தன் ஞாயிற்றுக்கிழமையை நமக்காக ஒதுக்கிய நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்த இரண்டு நகைச்சுவைகளையும் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்துக்குத் தூணாக நிற்கும் பெரியவர்களே, சமையலறையில் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் சித்திரை வணக்கம்.

தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நன்றி ஐயா. நான் குடியிருப்பது ஆரஞ்சு என்ற ஊரில். அங்கே சித்திரை மாதத்து இரவுக்கு இது உண்மையிலேயே தேவைப்படும்.

‘குளிர்மலைத் திராட்சையும் வைனும்’ என்று அழைப்பிதழில் போட்டதும், ‘சித்திரைக்குக் கள்ளுக்கடைப் பேச்சா?’ என்று இருவர் கேட்டார்களாம். குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பக்கத்தில் மருத்துவர் உட்கார்ந்திருக்கும்போது சொல்லவும் முடியாது. ஒரே தோட்டத்தின் ஒரே திராட்சை, ஒவ்வொரு ஆண்டும் ஏன் வேறு ஆளாக வந்து நிற்கிறது என்று சொல்ல வந்தேன். மலை, பீப்பாய், விலை என்று மூன்று தலைப்பில் பேசப்போகிறேன். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். இந்தப் பழமொழியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கேட்பேன்.

முதலில் மலை. சிட்னியிலிருந்து நீலமலையைத் தாண்டி, லித்கோ, பாதர்ஸ்ட் வழியாக மேற்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஆரஞ்சு. பெயரைக் கேட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கப் பை எடுத்துப் போகாதீர்கள். ஒரு டச்சு இளவரசரின் பட்டப்பெயரை 1846-இல் ஊருக்கு வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆரஞ்சு மரம் அந்தக் குளிருக்குத் தாங்காது. விளைவதெல்லாம் ஆப்பிளும் செர்ரியும், அப்புறம் திராட்சையும்.

ஊருக்குப் பக்கத்தில் கனோபோலாஸ் மலை. 1,395 மீட்டர், அணைந்துபோன எரிமலை. அதன் சரிவுகளில்தான் தோட்டங்கள். ஆஸ்திரேலியாவில் வைன் வட்டாரங்களுக்குச் சட்டப்படி எல்லை உண்டு. ஆரஞ்சு வட்டாரத்துக்கு அந்த எல்லையை உயரத்தை வைத்தே போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயரை பாட்டிலில் போடலாம். 900 மீட்டரிலும் அதற்கு மேலும் கொடி நட்டவர்கள் உண்டு.

உயரம் எதற்கு? நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குளிர்கிறது. 900 மீட்டர் என்றால் கடற்கரையைவிட ஐந்து டிகிரிக்கு மேல் குறைவு. திராட்சையில் மாலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அது. வெயிலில் பழம் இந்த அமிலத்தை எரித்துவிடும். குளிர்ந்த இரவு அதைக் காப்பாற்றி வைக்கும். பழம் மெல்லப் பழுக்கும், இனிப்பு ஏறும், புளிப்பும் நிற்கும். ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சைக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

இங்கே பருவம் நமக்குத் தலைகீழ். ஆடியில் கொடி மொட்டையாக நிற்கும், கவாத்து வெட்டுவார்கள். புரட்டாசியில் துளிர்க்கும். துளிர்த்த பிறகு ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் பாதி அங்கேயே போச்சு. கார்த்திகையில் பூ, தையில் காய் மெத்தென்று ஆகும், மாசி பங்குனியில் அறுவடை. ஆக, ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை இங்கே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ‘தேடி’ என்ற சொல் இருக்கிறதே, அது இங்கேயும் செல்லும். அறுவடைத் தேதியைத் தேடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

சரி, என் மாமனார் கதைக்கு வருகிறேன். வீட்டுக்காரி மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அனுமதி வாங்கியாகிவிட்டது.

மாமனார் கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுச் சம்சாரி. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவர். 2024 பொங்கலுக்கு எங்களிடம் வந்தார். வந்த இரண்டாம் நாளே கேட்டார், “மாப்ள, ஊரு பேரு ஆரஞ்சு. ஆரஞ்சு மரத்தக் காணோமே, எங்க வெட்டிப்புட்டாங்களா?” விளக்கினேன். “அப்ப எங்க ஊருக்குக் கோவில்பட்டின்னு பேரு வச்சுக் கோவிலே கட்டலேன்னா சும்மா விடுவமா?” என்றார்.

பொழுது போகவில்லை என்கிறாரே என்று, தெரிந்த ஒருவரின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவரே நட்டு, அவரே வைன் செய்து, அவரே கணக்கும் எழுதுகிற சின்னத் தோட்டம். மாமனார் நேராகக் கொடிகளுக்கு நடுவே போனார். செம்மண்ணை ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்தார். இலையைத் திருப்பிப் பூச்சி பார்த்தார். அந்த வெள்ளைக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வந்தவர்கள் எல்லாரும் நேராகக் கோப்பைக்குத்தான் போவார்களாம், மண்ணைத் தொட்ட முதல் விருந்தாளி இவர்தானாம்.

உள்ளே கூப்பிட்டு மேசையில் வரிசையாக ஆறு கோப்பை வைத்தார். ஒரே தோட்டம், ஒரே ஷார்டொனே, 2018 முதல் 2023 வரை. கடைசி ஆண்டு இன்னும் பாட்டிலுக்கே போகாதது, பீப்பாயிலிருந்து நேராக எடுத்தது. மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு, “தொட மாட்டேன், மோந்து பாக்கட்டுமா?” என்றார். நான் மொழிபெயர்த்தேன். “தாராளமாக. நாங்களும் பாதி நேரம் அதைத்தான் செய்கிறோம்” என்றார் அவர்.

மாட்டுக்குத் தவிடு வாங்குகிறவர் சாக்கில் மூக்கை வைப்பது போல வைத்தார். இரண்டாவது கோப்பையில், 2019-இல், நின்றார். “இது வெயில் தின்ன பழம். நல்லாப் பழுத்த வாசம்.” சரியாகச் சொல்லிவிட்டார். 2019 ஜனவரி, ஆஸ்திரேலியா முழுமைக்கும் அதுவரை பதிவான ஜனவரிகளிலேயே வெப்பமானது. கடைசி இரண்டையும் மோந்துவிட்டு, “எலுமிச்சந்தோலு மாதிரி இருக்கே. இது நனைஞ்ச வருசம்” என்றார். அதுவும் சரி. 2020 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று லா நினா, அதாவது பசிபிக் கடல் குளிர்ந்து இந்தப் பக்கம் மழையைக் கொட்ட வைக்கும் ஆண்டுகள். 2022 நவம்பரில் பக்கத்து மொலாங் ஊருக்குள் வெள்ளமே புகுந்தது. தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அப்புறம் நம் ஆள் 2019-க்கே திரும்பி, “ஆனா இதுல புகை இருக்கு. அடுப்படிப் புகை. காடு எரிஞ்ச வருசமா?” என்று கேட்டாரே பார்க்கலாம். தோட்டக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அது காட்டுப்புகை இல்லை, பீப்பாய். அந்த ஆண்டு அவர் புதுப் பீப்பாய் கூடுதலாக வாங்கியிருந்தார். ஓக் பலகையை வளைக்க நெருப்பு மூட்டி உள்பக்கத்தை வாட்டுவார்கள். அந்த வாட்டலில் வெனிலா மணமும் வரும், குவயக்கால் என்ற புகை மணமும் வரும். இங்கே அதற்குக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

“அப்ப எரிஞ்ச வருசம் எது?” என்றார் மாமனார். தோட்டக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மூன்றாவது கோப்பையைக் காட்டினார். அது காலி. 2020.

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இந்த மாநிலம் எரிந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸில் மட்டும் ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல். ஆரஞ்சின் மேல் புகை வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தது. காய் பழுக்கத் தொடங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பழம் புகையிலிருக்கும் அதே குவயக்காலைத் தோல் வழியே உறிஞ்சி, சர்க்கரையோடு கட்டிப் பூட்டி வைத்துக்கொள்ளும். மோந்தால் தெரியாது. நொதிக்கும்போது பூட்டு திறக்கும், மிச்சம் குடிக்கிறவர் வாயில் திறக்கும். சாம்பல் தட்டை நக்கியது போல இருக்கும் என்பார்கள். பீப்பாயில் வந்தால் அழகு, காட்டிலிருந்து வந்தால் நாசம், பொருள் ஒன்றுதான். ஆரஞ்சில் பலர் அந்த ஆண்டு ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை. இவரும் பழத்தைக் கொடியிலிருந்து வெட்டித் தரையில் போட்டுவிட்டார். ஆனாலும் வரிசையில் அந்த ஆண்டுக்கு ஒரு கோப்பை வைப்பதை விடுவதில்லை.

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மழைக்கணக்கு எழுதுவாரா, கேளுங்க” என்றார். கேட்டேன். உள்ளே போய்த் தடித்த நோட்டுகளைத் தூக்கி வந்தார். தினமும் காலை மழை, உறைபனி விழுந்த இரவுகள், துளிர்த்த நாள், பூத்த நாள், வெட்டிய நாள். 2019-க்கும் 2023-க்கும் அறுவடைத் தேதியில் வாரக்கணக்கில் வித்தியாசம். அவர் மில்லிமீட்டரில் சொல்ல, இவர் “அது ஒரு உழவு மழை, இது ரெண்டு உழவு” என்று விரலால் மண்ணின் ஆழத்தைக் காட்ட, நடுவில் நான் தேவைப்படவே இல்லை. வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

காரில் வரும்போது அவரிடம் பெருமையாக ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றேன். “அது ஆத்துத் தண்ணிக்காரனுக்கு, மாப்ள. கரிசலுக்குப் புரட்டாசிப் பட்டம்தான்” என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது, பீப்பாய். தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். பிழிந்த சாற்றை 225 அல்லது 228 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஊற்றி அங்கேயே நொதிக்க விடுவார்கள். பெரிய பீப்பாய்களும் உண்டு. நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகத் தங்கும். அதைக் கொட்டாமல் அவ்வப்போது தடியால் கலக்கிவிட்டால் வைனுக்குச் சதை கூடும். இன்னொன்று, உறை ஊற்றுவது. நிஜமாகவே நம் தயிர் மாதிரிதான். பாக்டீரியா புகுந்து, கூசுகிற மாலிக் அமிலத்தைத் தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமாக மாற்றும். கூடவே வெண்ணெய் மணமும் வரும். குளிர்ந்த ஆண்டில் புளிப்பு மிஞ்சினால் இதை முழுக்க நடக்க விடலாம், சூடான ஆண்டில் தடுத்து நிறுத்தலாம். என் கருத்தைக் கேட்டால், ஒரு காலத்தில் ஆஸ்திரேலியர்கள் ஓக்கையும் வெண்ணெயையும் அள்ளிப் போட்டுப் பழத்தைப் புதைத்தார்கள். இப்போது குறைத்துவிட்டார்கள், நல்லது. மசாலா தூக்கலாக இருந்தால் கறி எந்த ஊர் ஆடு என்று எப்படித் தெரியும்?

விலையைப் பற்றி மூன்றாவதாகப் பேசுவதாகச் சொன்னேன். அதை விட்டுவிடுகிறேன். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் ‘ஆரம்பிச்சுட்டான்’ என்று சிரிக்கிறார்கள். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். மழைமானி.

ஷார்டொனேயின் தாய்வீடு பிரான்சில் பர்கண்டி. அங்கே அந்தப் பெயரில் ஒரு கிராமமே இருக்கிறது. பர்கண்டியின் போன் (Beaune) நகரத்தில் 1354 முதல் அறுவடைத் தேதிகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். 660 ஆண்டுக்கு மேல்! யாரும் விஞ்ஞானத்துக்காக எழுதவில்லை. பழம் பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கிலும் நகரமன்றப் பதிவுகளிலும் கிடந்தது. நகரமன்ற அம்மையார் கவனிக்க வேண்டும், உங்கள் கூட்டக் குறிப்புகளை யாரோ படிப்பார்கள்! அதிலிருந்து தெரிந்தது என்ன? 1987 வரை சராசரி அறுவடை செப்டம்பர் 28. 1988-க்குப் பிறகு பதின்மூன்று நாள் முன்னால் வந்துவிட்டது. உலகம் சூடாகிறது என்று தொலைக்காட்சியில் ஆயிரம் பேர் சண்டை போடட்டும், கூலிக்கணக்கு எழுதிய குமாஸ்தா பொய் சொல்ல மாட்டார்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’. எங்கே தேடுவது? யாராவது எழுதி வைத்திருந்தால்தானே தேடலாம்? என் மாமனார் நாள்காட்டித் தாளின் பின்னால் மழை எழுதுவார். மாதம் முடிந்ததும் அத்தை அதில் பொட்டுக்கடலை மடித்துவிடுவார். இதைச் சொல்ல மட்டும் அனுமதி வாங்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

இந்த நாட்டில் வானிலைத் துறைக்குத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கானோர் காலை ஒன்பது மணிக்கு மழை அளந்து அனுப்புகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்கிற பண்ணைக் குடும்பங்கள் உண்டு. நம்மவர்கள் எத்தனை பேர்? தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் திங்கள், செவ்வாய் என்று எழுதிப் பழகுகிறார்களே தலைமையாசிரியை அம்மா, அந்தத் திங்களுக்கு எதிரே மழை எவ்வளவு என்றும் எழுதட்டுமே. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். கணக்கும் வரும், தமிழும் வரும். போன ஆண்டும் இதே மேடையில் கேட்டேன், தலையசைத்தீர்கள்.

மணி அடித்துவிட்டது. இந்த முறை வெறும் கையோடு வரவில்லை. வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் இருபது பிளாஸ்டிக் மழைமானிகள் வைத்திருக்கிறேன், கூடவே இருபது கோடு போட்ட நோட்டு. காசு வேண்டாம். சுவரையும் மரத்தையும் ஒட்டி மாட்டாதீர்கள், எதிரே இருப்பது எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு முதல் வரி. மழை இல்லை என்றால் சுழியம் போடுங்கள், காலியாக விடாதீர்கள். வடை தயாராகிவிட்டதாம், போகலாம்.