ஊறும் அளவுக்கு இறைப்போம்

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, மௌலவி அவர்கள், பங்குத்தந்தை அவர்களே, எனக்குப் படிப்பித்து இன்று என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் ரீச்சர் அவர்களே, நிலாவெளி, குச்சவெளி வெங்காயத் தோட்டங்களிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

எண்ணெய்க் கிணற்றுப் பம்பின் வேகம் தானாகக் கூடிக் குறைவது எப்படி, அதனால் மிச்சமாகும் மின்சாரம், நம் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் எதிர்காலம் என மூன்று விடயங்கள் பேச வந்தேன். முதலில் ஒரு பழமொழி. ‘இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்.’ இதில் ஊறுதல்தான் எனக்கு முக்கியம்.

எண்ணெய் வயல்களில் தலையாட்டிக்கொண்டே நிற்கும் இயந்திரத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நம்முடைய துலாவேதான்! நீண்ட இரும்புக் கம்பிகளைக் கோத்து, பல நூறு மீற்றர் ஆழத்தில் இருக்கும் பம்பை மேலும் கீழும் அசைக்கிறது. பாறையிலிருந்து எண்ணெய் ஊறி வரும் வேகத்தைவிடப் பம்ப் வேகமாக இழுத்தால் அதன் உருளை பாதிதான் நிறையும். உருளைக்குள் கீழிறங்கும் உலக்கை எண்ணெய் மட்டத்தில் போய் ‘டங்’ என்று மோதும். நாளெல்லாம் மோதினால் கம்பி அறும்.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் சித்தப்பா துலா மிதிப்பார், அப்பா கிணற்றுக் கட்டில் நின்று தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பார். நான் வாய்க்காலில் தண்ணீர் மாற்றுவேன். விடியப்புறம் தொடங்கினால் ஏழு மணிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். பட்டை அரைவாசியாக வந்ததும் அப்பா, ‘தம்பி, பொறு, ஊறட்டும்’ என்பார். சித்தப்பா துலாவிலேயே உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைப்பார். சுருட்டு முடிய அப்பா எட்டிப் பார்த்து, ‘சரி, மெதுவா மிதி’ என்பார். அப்புறம் மின்சாரப் பம்ப் வந்தது. ஓர் ஆடி மாதம், கோயிலில் தீமிதிப்பு. சுவிட்சைப் போட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டோம். திரும்பி வந்தபோது தோட்டம் முழுக்கப் புகை நாற்றம். கிணறு வற்றி, மோட்டர் எரிந்து கிடந்தது. அப்பா திட்டவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, ‘பொறு என்று சொல்ல ஆள் இல்லையே’ என்றார்.

எண்ணெய்க் கிணற்றில் அந்த ஆள்தான் கட்டுப்படுத்தி என்ற கருவி. கம்பியில் ஏறும் பாரத்தையும் கம்பி நிற்கும் இடத்தையும் உணரிகள் அளக்கின்றன. 1960களில் கிப்ஸ் என்ற பொறியியலாளர், கம்பி வழியே அசைவு பரவுவதைச் சொல்லும் அலைச் சமன்பாட்டைக் கொண்டு, மேலே அளந்ததிலிருந்து ஆழத்தில் நடப்பதைக் கணக்கிட வழி சொன்னார். உருளை நிறையவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கருவி மோட்டருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறைக்கும், பம்ப் மெதுவாகும். எண்ணெய் கூட ஊறினால் வேகமும் கூடும். இறைத்த கிணறு ஊறும், ஆனால் ஊறும் அளவுக்கே இறைக்க வேண்டும்.

இலங்கையில் எண்ணெய் எடுக்கும் கிணறு இல்லை. மன்னார்க் கடலில் 2011இல் இயற்கை வாயு கண்டார்கள், அது இன்னும் கரைக்கு வரவில்லை. நமக்கு இருப்பவை வெங்காயக் கிணறுகள். எனக்குப் பெரிய கவலையும் அவைதான். கரையோர மண்ணில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். உப்பேறிய கிணற்றை மோட்டரைப் போலக் கடையில் கொடுத்து மாற்ற முடியாது.

நமக்கு எண்ணெய் வயலின் கருவி வேண்டாம். நீர்மட்டம் காட்டும் உணரி போதும். தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்ப் இழுக்கும் மின்னோட்டம் குறைவதைக் கண்டு நிறுத்தும் சிறு பெட்டிகளும் உண்டு. சூரிய சக்தியில் ஓடும் பம்புகளில் வேகம் மாற்றும் வசதி பெரும்பாலும் கூடவே வருகிறது. செயலாளர் அவர்களே, நிலாவெளியில் ஒரேயொரு கிணற்றில் இதைப் பூட்டி, ஒரு போகம் முழுக்க உப்பையும் நீர்மட்டத்தையும் அளந்து பார்க்க உதவுங்கள் என்று இந்தச் சபையில் கேட்கிறேன்.

மின்சாரக் கணக்கும் தாங்கிகளும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், நேரமாகிவிட்டது. வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கிணறு உள்ளவர்கள் அதன் ஆழத்தையும், தண்ணீர் எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.