முதற்குத்து யாருடையது?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பற்றீரியாக்கள் அயலவர் நடுவே பிழைப்பது தாக்குதலாலா, தற்காப்பாலா என்பது தலைப்பு. தற்காப்பால் என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் ஒரு பகிடி விட்டார். “தற்காப்பு அணியினர் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர்கள் மாதிரி; மணி அடித்தால் கதவுத் துவாரத்தால் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் போகும்வரை மூச்சுக் காட்டமாட்டார்கள்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று இப்போது நான் காட்டுகிறேன்.

அவர் பெயர் சூடோமொனாஸ் ஏருஜினோசா. மண்ணிலும் தண்ணீரிலும் சீவிப்பவர், ஆஸ்பத்திரிகளிலும் பொல்லாதவர். அவருக்குள் ஓர் ஈட்டி இருக்கிறது. சுருங்கக்கூடிய உறை, அதற்குள் குழாய், குழாயின் நுனியில் நஞ்சு. உறை சட்டென்று சுருங்கினால் குழாய் பாய்ந்து பக்கத்துக் கலத்தைத் துளைக்கும். ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதி என்பார்கள். வாந்திபேதிக் கிருமியிடமும் இது உண்டு. 2006இல் இதற்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கிருமியை ஆராய்ந்தபோதுதான்.

2013இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்த்தார்கள். வாந்திபேதிக் கிருமி கண்டபடி குத்துகிறது. சூடோமொனாஸ் பேசாமல் இருக்கிறது. ஒரு குத்து அதன் மேல் விழுகிறது. எந்த இடத்தில் விழுந்ததோ, அதே இடத்தில் தன் ஈட்டியைப் பூட்டுகிறது. திருப்பிக் குத்துகிறது. குத்தியவர் காலி!

பின்வரிசைக்கும் கேட்கட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன். முதற்குத்து அவருடையது. பதில்குத்துத்தான் இவருடையது. அதுவும் வாங்கிய இடத்திலிருந்தே!

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். வாந்திபேதிக் கிருமியின் மரபணுவை மாற்றி அதன் ஈட்டியை இல்லாமல் செய்தார்கள். அதே கிருமி, அதே அயல். ஆனால் சூடோமொனாஸ் அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டது. கையில் ஈட்டி இல்லாத அயலவரோடு அதற்கு என்ன வழக்கு?

எதிரணித் தலைவரே, நீங்கள் பகிடி பண்ணிய ஆள் இவர்தான், ஐயா. பயந்து ஒளிந்தவர் இல்லை. வந்தவர் யாரென்று பார்த்து நடப்பவர். “திருப்பிக் குத்துவதும் தாக்குதல்தானே?” என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. அவர் குத்தாவிட்டால் இவர் குத்தியிருப்பாரா? அதற்குப் பதில் சொல்லுங்கள்!

அடுத்து, உங்கள் இரண்டாம் பேச்சாளர் கொலிசினைக் கொண்டுவந்தார். 1925இல் பெல்ஜியத்தில் அந்திரே கிராசியா கண்டறிந்தது. ஈ. கோலை கிருமி தன் சொந்த இனத்தாரையே கொல்ல ஆக்கும் நஞ்சு என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார். கொலிசின்கள் பலவற்றை அந்தக் கலத்தால் உயிரோடு இருந்து வெளியே விட முடியாது. உடம்பு வெடித்தால்தான் நஞ்சு வெளியே வரும். நஞ்சை ஆக்கிய கலம் செத்துப்போகும். அதே மரபணுவைச் சுமக்கும் சகோதரங்களிடம் அந்த நஞ்சை முறிக்கும் புரதம் இருக்கிறது. அதுகள் பிழைத்துக்கொள்ளும்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கண் இல்லை, மூளை இல்லை, நெஞ்சு என்று ஒன்று இல்லை. கூடப்பிறந்ததுகள் வாழட்டும் என்று அது போய்விடுகிறது!

தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பக் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு இருந்த அக்காமார் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்ல முதல் அவர்களில் ஒருவரிடம் கேளுங்கள்: அக்கா, நீங்கள் செய்தது தாக்குதலா?